அனோஸ்மியா: தமிழில் முகர்விழப்பு

மணம், வாடை எதுவுமே மூக்குக்குத் தெரியாமல் போவதைத்தான் மருத்துவர்கள் அனோஸ்மியா என்கிறார்கள். கிரேக்க வேர். 'ஓஸ்மே' என்றால் மணம், முன்னால் நிற்கும் 'அன்' இல்லை என்று சொல்வது. முழுக்கப் போகாமல் மங்கியிருந்தால் ஹைபோஸ்மியா.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய தமிழில் எல்லா மணத்துக்கும் நாற்றம் என்றே பெயர், வள்ளுவர் ஐம்புலன்களை 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்றுதான் அடுக்குகிறார், ஆனால் இன்று அந்தச் சொல் கெட்ட வாடையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'நுகர்திறன் இழப்பு' என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனாலும் நுகர்வோர், நுகர்பொருள் என்று அந்த வினை கடைத்தெருப் பக்கம் போய்விட்டதே! முகர்தல் மூக்குக்கு மட்டுமே உரிய வேலை. அதனால் அனோஸ்மியாவுக்கு முகர்விழப்பு, ஹைபோஸ்மியாவுக்கு முகர்வுக்குறை என்பதே என் தேர்வு.

இந்தச் சொல் எல்லார் வாயிலும் புழங்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் பார்க்கின்சன் நோய். கை நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு முகர்வு குறைந்துவிடுகிறது. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் திரண்டு படிவதுதான் இந்த நோயின் அடையாளம். மூக்கிலிருந்து வரும் நரம்பிழைகள் மூளையில் முதலில் சேரும் முகர்வுக் குமிழ், அந்தப் புரதம் ஆரம்பத்திலேயே படியும் இடங்களில் ஒன்று என்று மூளை ஆய்வாளர் ஹைகோ பிராக் குழுவினர் 2003-இல் விளக்கினார்கள். அல்சைமர் நோயிலும், நினைவோடும் முகர்வோடும் ஒருசேரத் தொடர்புள்ள என்டோரைனல் புறணி என்ற மூளைப் பகுதிதான் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று.

வலி கிடையாது, மெதுவாகக் குறைகிறது, அதனால் பலருக்குத் தனக்கு இப்படி இருப்பதே தெரியாது. அடுப்பில் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் கருகல் வாடை வீசும்போது பக்கத்திலேயே இருப்பவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், கவனிக்க வேண்டியது வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான்.

அதற்காக மணம் தெரியவில்லை என்றதும் பார்க்கின்சன் என்று பயந்துவிடக் கூடாது. சளி, சைனஸ், மூக்கில் வளரும் சதை, தலையில் பட்ட அடி, கொரோனா, முதுமை இவையெல்லாம்தான் பெரும்பாலும் காரணம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அங்கே காரணம் எதுவும் பிடிபடாமல், கூடவே மலச்சிக்கலோ தூக்கத்தில் கை கால்களை வீசி உதைப்பதோ இருந்தால், அப்புறம் நரம்பியல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.