பெயர் வைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்: திருகோணமலைக் கடற்றொழிலாளருக்குப் புயல் எச்சரிக்கையும் வள்ளப் பதிவும்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால் அதைக் கண்காணிப்பது புதுடில்லியிலுள்ள பிராந்திய நிலையம். இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், மியன்மார், மாலைதீவு உட்பட 13 நாடுகள் அதில் பங்காளிகள். 1972இல் தொடங்கிய ஏற்பாடு இது. அங்கிருந்து வரும் அறிவித்தலோடு தன் அவதானிப்பையும் சேர்த்து, நம் கரைக்கான எச்சரிக்கையைக் கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுகிறது. கடற்றொழில் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், கடற்படை, வானொலி ஆகியவற்றின் ஊடாக அது புல்மோட்டைக்கும் குச்சவெளிக்கும் மூதூருக்கும் வந்து சேரும்.

இந்த ஒழுங்கில் பலர் தவறாக விளங்கிக்கொள்வது பெயரைத்தான். காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீற்றர் வரை இருந்தால் தாழமுக்கம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழமுக்கம். 62ஐத் தொட்டால்தான் சூறாவளி, பெயரும் அப்போதுதான். 13 நாடுகளும் ஆளுக்கு 13 பெயர் கொடுத்த பட்டியலிலிருந்து அது எடுக்கப்படும். ‘புரெவி’ மாலைதீவு கொடுத்தது, ‘டித்வா’ யேமன் கொடுத்தது. ஒரு பைபர் வள்ளத்துக்கு 50 கிலோமீற்றர் காற்றே அதிகம். “இன்னும் பேர் வைக்கேல்லைத்தானே” என்று வலையை இறக்குபவர் பெரிய கப்பலுக்குரிய அளவுகோலைத் தன் வள்ளத்துக்கு வைத்துப் பார்க்கிறார்.

முன்பு அந்தமான் பக்கம் உருவாகி வரும் புயலுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் கிடைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா நம் கரையை ஒட்டியே உருவானது; பெயர் வந்தபோது கரையும் அருகில்தான். கடல்நீர் 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் புயலுக்குத் தீனி கிடைக்கும். இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு 1950களிலிருந்து ஏறத்தாழ 1 பாகை சூடேறியிருக்கிறது. ஆகவே வேகமாக வலுப்பெறும் புயலை எதிர்பார்த்தே தொழிலைத் திட்டமிட வேண்டும்.

அறிவித்தலைக் கேட்கும்போது முதலில் கடற்பரப்பின் பெயரைக் கவனியுங்கள். “காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை” என்று வந்தால் நாம் நடுவில் இருக்கிறோம். “புத்தளம் ஊடாகக் கொழும்பு வரை” என்றால் அது மேற்குக் கரை. அடுத்தது அலை உயரம். அறிவித்தலில் 2.5 மீற்றர் என்று வந்தால் அது உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. இடையிடையே அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரமான அலையும் எழும்பும். காற்றை நொட்டில் (மணிக்கு எத்தனை கடல்மைல்) சொன்னால், கிலோமீற்றராக்க 1.85ஆல் பெருக்குங்கள், 30 நொட் என்றால் 55 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம்.

திரும்பி வரும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். கலங்கிய கடலில் 5 நொட் ஓட்டத்தில் 20 கடல்மைல் வர 4 மணித்தியாலம் ஆகும், காற்று எதிர்த்தால் இன்னும் கூடும். போக மூன்றிலொரு பங்கு, வர மூன்றிலொரு பங்கு, மிச்சம் கையிருப்பு என்று எரிபொருளைப் பிரியுங்கள். தூரக் கடலில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது, ஆகவே பற்றரி வானொலி வேண்டும். பலநாள் கலங்களில் தொடர்புக் கருவிகள் உண்டு. ஒருநாள் வள்ளத்துக்கு இந்த வானொலியும் கரையில் விட்டுச்செல்லும் பெயர்ப்பட்டியலும்தான் துணை. யார் யார், எந்தத் திசை, எப்போது திரும்புவார்கள் என்று சங்கத்தில் எழுதிவையுங்கள். ஆளைக் காணவில்லை என்றால் 117க்கு அழைப்பவருக்குச் சொல்ல அந்த விபரம் கையில் இருக்கும்.

கரையில் ஏற்றிய வள்ளத்தில் எஞ்சினையும் வலையையும் கழற்றி உயரத்தில் வையுங்கள். அடித்துவாரத்தின் அடைப்பை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் நிறைந்து பாரத்தில் ஓடு வெடிக்கும். கொட்டியாரக்குடாவின் தாழ்ந்த கரைகளில் கடல் உள்ளே ஏறும். வழக்கமான அலைக்கோட்டுக்கு மேலே கட்டினால் போதும் என்று அங்கே நினைக்கக் கூடாது.

இழப்பு நேர்ந்து நட்டஈடு கேட்டால் முதலில் கேட்கப்படுவது வள்ளத்தின் பதிவு இலக்கம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி வள்ளத்துக்குப் பதிவும் தொழிலுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். பதிவு ஒன்று, அனுமதிப்பத்திரம் வேறொன்று. பின்னையதைக் காலாவதியாகுமுன் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் தொடங்குங்கள்.

நட்டஈட்டுக் கோப்பு சிக்குவது பெரும்பாலும் சின்ன விடயங்களில்தான். வள்ளத்தை வாங்கியவர் பெயர் மாற்றியிருக்க மாட்டார். எஞ்சின் மாறியிருக்கும், பழைய தொடர் இலக்கமே ஆவணத்தில் இருக்கும். வலை வாங்கிய பற்றுச்சீட்டு வள்ளத்தோடு கடலில் போயிருக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்குமுன், ஒக்டோபரிலேயே, பதிவு இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தெளிவாகத் தெரிய வள்ளத்தைப் படமெடுத்து, பற்றுச்சீட்டுகளையும் படமாக்கி வீட்டிலுள்ள இன்னொருவரின் தொலைபேசியில் போட்டுவையுங்கள். சேதம் நேர்ந்தால் திருத்துவதற்கு முன் படம் எடுத்து, பொலிசில் முறைப்பாடு பதிந்து, கிராம உத்தியோகத்தருக்கும் பரிசோதகருக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். உடைந்த வள்ளத்தை அவசரப்பட்டு ஒட்டிவிட்டால் மதிப்பிட வருபவருக்குக் காட்ட ஒன்றும் இராது. தொகையைப் போனமுறைக் கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம்; அந்தந்த அனர்த்தத்துக்கு வரும் சுற்றறிக்கையைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து இங்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுபவர்களின் வள்ளங்கள் சொந்த மாவட்டத்தில் பதிந்தவை. சேதம் இங்கே, கோப்பு அங்கே. அவர்கள் மூலப் பதிவின் பிரதியைக் கையோடு கொண்டுவந்து, வந்த உடனேயே இங்குள்ள பரிசோதகரிடமும் காட்டி வைப்பது நல்லது.