ஆணையத்தின் கையில் ஆணை இல்லை

போன செவ்வாய்க்கிழமை வந்தவர் கோப்பைத் திறந்து மேசையில் வைத்தார். வேலை நீக்கக் கடிதம், மேலாளரின் மின்னஞ்சல்கள், யார் எப்போது என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு, எல்லாம் தேதிவாரியாக. இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவருவதில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "எங்கே புகார் கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நகர ஆணையத்தில் கொடுத்துட்டேன் மேடம். பதினோரு மாசம் ஆச்சு. இன்னும் கூப்பிடலை."

அவ்வளவுதான். கூப்பிட மாட்டார்கள். கூப்பிடுவது அவர்களுடைய வேலையே இல்லை.

அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் வேலையிடப் பாகுபாட்டு வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். இந்தப் பதிலோடு வந்த தமிழர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். (அவருடைய விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். தேடாதீர்கள்.)

குழப்பம் பெயரில் தொடங்குகிறது. 'கமிஷன்' என்றதும் நமக்கு விசாரணைக் கமிஷன்தான் நினைவுக்கு வரும். ஊரில் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு போட்டால் அது அதிகாரிக்கு சம்மன் அனுப்பும். 1993ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணையின்போது சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தை அதற்குக் கொடுத்திருக்கிறது. போதாக்குறைக்குத் தமிழில் 'ஆணையம்' என்று வேறு சொல்லிவிட்டோம். பெயருக்குள்ளேயே ஆணை உட்கார்ந்திருக்கிறது, கையில் இல்லை.

இங்கே மூன்று அடுக்கில் ஆணையங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம், அதாவது இ.இ.ஓ.சி., புகாரை வாங்கி விசாரிக்கும். வாஷிங்டன் மாநில மனித உரிமைகள் ஆணையமும் விசாரிக்கும். நகரத்தின் மனித உரிமைகள் ஆணையம், பன்மைத்துவ ஆலோசனைக் குழு போன்றவை பெரும்பாலும் விசாரிக்காது. அவை மேயருக்கும் நகரமன்றத்துக்கும் ஆலோசனை சொல்பவை. சியாட்டில் நகரத்துக்குள் நடந்ததை விசாரிப்பது குடிமை உரிமைகள் அலுவலகம். அங்கே சம்பளம் வாங்கும் விசாரணை அதிகாரிகள் இருக்கிறார்கள். (அந்த அலுவலகம் தள்ளுபடி செய்த புகார் மேல்முறையீடாக நகர ஆணையத்துக்கு வருவதுண்டு. அது வேறு கதை. முதல் புகாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

நகர ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டோ மருத்துவமனையில் ஷிப்ட் முடித்துவிட்டோ, மாதம் ஒரு மாலை கூடும் தன்னார்வலர்கள். உங்கள் மேலாளரை அவர்களால் கூப்பிட்டுக் கேட்க முடியாது. உங்கள் வேலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நீங்கள் பேசி முடித்ததும் நன்றி சொல்வார்கள். அந்த நன்றியை நம் ஆட்கள் ரசீதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, அப்படியானால் எதற்கு இந்த ஆணையம் என்று கோபமாகக் கேட்பார்கள். சியாட்டிலின் கதையே பதில்.

1963 ஜூலையில் இளைஞர்கள் மேயர் அலுவலகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். கறுப்பினத்தவருக்கு நகரத்தின் பெரும்பகுதியில் வீடு கிடைக்காத காலம். அந்த மாதமே மனித உரிமைகள் ஆணையம் அமைந்தது. பன்னிரண்டு பேரில் கறுப்பினத்தவர் இரண்டே பேர். 'எல்லோரையும் உள்ளடக்குதல்' என்ற பேச்சு புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அதன் சிக்கல் வந்துவிட்டது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு அந்த ஆணையம் வரைவு எழுதியது. நகரமன்றம் தானே நிறைவேற்றாமல் அதை மக்கள் வாக்குக்கு விட்டது. 1964 மார்ச்சில் 1,15,627 பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றவர்கள் 54,448 பேர். நகரமன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினராக சாம் ஸ்மித் 1967இல் வென்று வந்தார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஏப்ரல் 19 அன்று சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆணையம் எழுதிய தாள் சட்டமாக ஐந்து வருடம் பிடித்தது. 1963இல் வீடு மறுக்கப்பட்ட யாருக்கும் அந்தத் தாளைக் காட்டி வீடு கிடைத்திருக்காது. ஆனால் அதற்குப் பின் வந்த எல்லோருக்கும் அது பயன்பட்டது. ஆலோசனை ஆணையம் வேலை செய்யும் விதம் இதுதான். நகரம் மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் ஒதுக்குகிறதா, பொதுக் கூட்டத்தைத் தீபாவளியன்று வைக்கிறதா, சக்கர நாற்காலியில் வருபவர் பேச வேண்டிய மைக் மூன்று படிக்கு மேலே இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே பேச வேண்டிய விஷயங்கள். விதியைப் பற்றியது என்றால் அங்கே போங்கள். உங்கள் வழக்கு என்றால் வேறு வாசல்.

2023 பிப்ரவரி 21 அன்று, நகரமன்ற உறுப்பினராக இருந்த க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சாதிப் பாகுபாட்டுத் தடை சியாட்டில் நகரமன்றத்தில் 6-1 என்று நிறைவேறியது. அன்று பேச வந்த பலரும் தாங்கள் பட்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் கேட்டது விதியை. அதனால் அந்தக் கதைகளுக்கு அங்கே வேலை இருந்தது.

இதில் இன்னொரு பொறி. அது நகரச் சட்டம். ஏரிக்கு அந்தப் பக்கம் பெல்வியூவிலோ ரெட்மண்டிலோ உங்கள் அலுவலகம் இருந்தால் அது உங்களோடு பாலம் தாண்டி வராது. என்னிடம் வந்தவருக்கு நடந்தது அங்கேதான். குழு மதிய உணவில் "எந்த ஊர்?" என்று தொடங்கி "ஊர்ல எந்தத் தெரு?" என்று முடிந்த பேச்சு. அது எதற்கான கேள்வி என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க நடுவருக்கு விளக்க எனக்கு அரை நாள் ஆகும். சாதி என்று சட்டம் பெயர் சொல்லாத இடத்தில் மதம், இனம், பூர்விக நாடு என்று சுற்றிப் போய்த்தான் வாதாட வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு.

நாள் கணக்கைக் கேளுங்கள். இ.இ.ஓ.சி.யிடம் புகார் கொடுக்கப் பொதுவாக 180 நாள். வாஷிங்டன் போலச் சொந்தச் சட்டமும் அமைப்பும் உள்ள மாநிலங்களில் 300 நாள். மாநில ஆணையத்துக்கு ஆறு மாதம். சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ் எல்லாம் அதில் சேர்த்தி. எச்.ஆர். விசாரித்துக்கொண்டிருக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்காது. நகர ஆணையத்துக்கு மெயில் போட்டதற்காகவும் நிற்காது. என்னிடம் வந்தவருக்கு 300 நாள் தாண்டிவிட்டது. மாநிலச் சட்டப்படி நீதிமன்றம் போக மூன்று ஆண்டு அவகாசம் இருப்பதால் முழுதாகக் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அது செலவு பிடித்த பாதை.

அப்புறம் அந்த மெயில். மேலாளரின் பெயர், சாட்சி சொல்லத் தயாராக இருந்த இரண்டு நண்பர்களின் பெயர், மனஅழுத்தத்துக்கு மருத்துவர் எழுதிய கடிதம், எல்லாவற்றையும் இணைத்து ஆணையத்தின் பொது முகவரிக்கு அனுப்பியிருக்கிறார். ஐயா, அம்மா, தயவுசெய்து கேளுங்கள். ஆணையத்துக்கு நீங்கள் எழுதுவது பொது ஆவணம். சில பகுதிகளை மறைத்துக் கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி எழுதாதீர்கள். யார் வேண்டுமானாலும் மனு போட்டுக் கேட்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன்.

ஆகவே நடந்ததை அன்றே எழுதி வையுங்கள், அலுவலக மடிக்கணினியில் அல்ல. வேலை நீக்கத்தை உங்களுக்குத் தெரிவித்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். முதல் மாதத்துக்குள் ஒரு வழக்கறிஞரையோ விசாரணை அலுவலகத்தையோ பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். 2025 ஜனவரியில் வெள்ளை மாளிகை டி.இ.ஐ.க்கு, அதாவது பன்மைத்துவம், சமத்துவம், எல்லோரையும் உள்ளடக்குதல் என்ற திட்டங்களுக்கு, எதிராக உத்தரவுகள் போட்டதும் "இனி எந்தச் சட்டமும் இல்லை" என்று அங்கே ஒருவர் எழுதியிருந்தார். வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இவ்வளவு திட்டியதால் ஆணையக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இந்த மாநிலத்தில் அவை திறந்த கூட்டங்கள். உள்ளே வரப் பெயர்கூடப் பதிய வேண்டியதில்லை. பேச இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். ஒருமுறை ஓர் அம்மாவுக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பத்து நாள் முன்பே எழுதிக் கேட்டேன், ஏற்பாடு செய்தார்கள். நூலகப் படிவங்கள் புரியவில்லை என்று அவர் தமிழிலேயே பேசிவிட்டு வந்தார். உறுப்பினர் இடங்கள் காலியாகும்போது அறிவிப்பு வரும். தகுதி விதி நகருக்கு நகர் மாறும், படித்துப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் நானும் மூன்றாவது வரிசையில் இருப்பேன். வணக்கம் சொல்லுங்கள், பேசலாம். உங்கள் வழக்கைப் பற்றி மட்டும் அங்கே கேட்காதீர்கள். மைக் ஓடிக்கொண்டிருக்கும்.