புகையிலைச் சட்டம்: உறையில் 85 சதவீதப் படம் வந்த கதையும் நமக்குள்ள உரிமைகளும்

குமரி மாவட்டத்துக் களியக்காவிளையில் விற்கும் பீடிக் கட்டிலும், எல்லைக்கு அப்பால் கேரளக் கடையில் விற்கும் பீடிக் கட்டிலும் எச்சரிக்கைப் படம் ஒரே அளவில்தான் இருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது.

உறையின் முகப்பில் 85 சதவீதத்தை எச்சரிக்கை நிரப்ப வேண்டும் என்று மத்திய அரசு 2014 அக்டோபரில் அறிவித்தது. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வரவேண்டிய அவ்விதியை நிறுத்திவைக்குமாறு, திலீப் காந்தி தலைமையிலான நாடாளுமன்றத் துணைச்சட்டக் குழு (சட்டத்தின் கீழ் அரசு வகுக்கும் விதிகளை ஆராயும் குழு) கேட்டுக்கொண்டது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு இல்லை என்று அவர் கூறியது பெரும் சர்ச்சையானது. குழு உறுப்பினரான ஷியாமா சரண் குப்தா பீடித் தொழிலதிபர் என்பதும் கேள்விக்குள்ளானது. படம் 50 சதவீதம் போதும் என்பது 2016 மார்ச்சில் குழு அளித்த பரிந்துரை. அரசு அதை ஏற்காமல் 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீதத்தையே நடைமுறைப்படுத்தியது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

பெரிய படத்தால் பீடித் தொழிலாளர் பிழைப்பு கெடும் என்ற குழு உறுப்பினர்களின் கவலையைப் பொய் என்று ஒதுக்க முடியாது. பக்கத்து நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றியே குடும்பம் நடத்தும் பெண்கள் ஏராளம். ஆனால் அவர்களுக்குத் தேவை மாற்று வேலையும் நியாயமான கூலியும். படத்தைச் சுருக்குவதால் அவை கிடைத்துவிடாது.

18 வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து எத்திசையிலும் 100 கஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், விற்பனையே கூடாது. நாகர்கோவிலில் பள்ளிகளும் கடைகளும் நெருங்கியிருக்கும் தெருக்களில் இந்த அளவு முக்கியமானது. இரண்டுக்கும் இச்சட்டப்படி அபராதம் 200 ரூபாய் வரைதான். பெரிய கடைக்காரருக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது என்பதே என் கருத்து.

பொது இடத்தில் புகைப்பதற்கும் அபராத உச்சவரம்பு அதே 200 ரூபாய். 2008 அக்டோபர் 2 முதல் நடப்பிலுள்ள இவ்விதிகளை, தமிழகத்தைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தார். நாகர்கோவில் வடசேரி போன்ற பேருந்து நிலையங்கள், மருத்துவமனைகள், உணவகங்கள், அலுவலகங்கள் பொது இடங்களில் அடங்கும். முப்பது பேரோ அதற்கு மேலோ அமரும் உணவகம் புகைப்பதற்குத் தனி அறை வைக்கலாம்.

அபராதம் விதிக்கக் காவல்துறையினர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; பள்ளியில் தலைமையாசிரியருக்கும், நூலகத்தில் நூலகருக்கும், ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரிக்கும் அந்த அதிகாரம் உண்டு, எனவே முதல் புகாரை அவரிடமே கொடுக்கலாம்.