ஏரி காயவும் வேண்டும்

“வடுவூர் ஏரி சித்திரையில் காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. போர் போட்டாவது வருடம் முழுக்கத் தண்ணீர் நிறுத்தக் கூடாதா?” என்று மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அக்கறையோடு கேட்ட கேள்வி. ஆனால் செய்யக் கூடாது என்பேன். டெல்டாவின் ஏரிகளுக்கு வெள்ளம் எவ்வளவு தேவையோ, கோடையின் காய்ச்சலும் அவ்வளவு தேவை.

காவிரியின் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். குடகில் மழை பிடித்தால் ஆடியில் புதுவெள்ளம், ஐப்பசி கார்த்திகையில் நம்மூர் அடைமழை, தை கழிந்தால் வடிய ஆரம்பிக்கும். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமானது. நனைந்து காயும் சுழற்சி அப்படியும் முழுதாக அழியவில்லை.

காய்ந்த ஏரிக்குள் இறங்கிப் பாருங்கள். நீர் வற்றினால் சுருங்குகிற களிமண், கை நுழையும் அகலத்துக்கு வெடித்திருக்கும். மாதக்கணக்கில் ஆக்சிஜன் எட்டாத சேற்றுக்குள் அந்த வெடிப்பு வழியாகத்தான் காற்று இறங்குகிறது. மட்காமல் தேங்கிய இலையும் வேரும் மட்கத் தொடங்குகின்றன. ஈரம் இன்னும் குறைந்தால் நுண்ணுயிர்கள் பல செத்துப்போகும். மிஞ்சியவை, உடம்பில் உள்ள நீரை விட்டுவிடாமலிருக்கச் செல்லுக்குள் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் சேர்த்துக்கொண்டு முடங்கிவிடும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். முதல் தண்ணீர் பாய்ந்ததும், மண்கட்டிக்குள் மாட்டிக்கொண்ட காற்று நெருக்குண்டு, கட்டியை உடைத்துக் குமிழி குமிழியாக வெளியேறும். உள்ளே பத்திரமாக இருந்த மட்கு நீரில் வெளிப்படும். நுண்ணுயிர்களுக்கோ வேறு ஆபத்து: சவ்வூடுபரவலால், அதாவது கரைசல் அடர்ந்த பக்கம் நீர் இழுபடுவதால், அது திமுதிமுவென்று செல்லுக்குள் புகுகிறது. வெடித்துவிடாமலிருக்க, சேர்த்துவைத்ததையெல்லாம் வெளியே கொட்டுகின்றன. பக்கத்தில் பிழைத்திருப்பவை அதைத் தின்று பெருகுகின்றன. சில மணி நேரத்தில் மண்ணின் சுவாசம், அதாவது நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயு, எகிறுகிறது; தழைச்சத்து (நைட்ரஜன்) நீரில் கரைகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்து 1958-ல் எழுதிய பர்ச் என்ற ஆய்வாளரின் பெயரால் இதை ‘பர்ச் விளைவு’ என்கிறார்கள். கோடை உழவு போட்டுக் காயவிட்ட வயலில் நாற்று கருகருவென்று வருவதிலும் இதற்குப் பங்கு உண்டு. நீர் நின்று ஆக்சிஜன் தீர்ந்ததும், இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) விடுபடும்.

அப்புறம் எல்லாம் வேகம்தான். பாசி பிடிக்கும். சேற்றில் உறங்கிய முட்டைகளிலிருந்து நீர்த்தெள்ளுகள் பொரியும், மீன்குஞ்சுகள் அவற்றைத் தின்னும். மூடியை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் கிடந்த நத்தைகள் எழுந்து வரும். உதயமார்த்தாண்டபுரத்தில் இறங்கும் நத்தைகுத்தி நாரைகளுக்கு அவைதான் உணவு. அந்த ஊர் ஏரியும் வடுவூரும் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை.

எப்போதும் நீர் நின்றால் இதில் பெரும்பகுதி நடக்காது. அடியில் சேறு காற்றின்றிக் கிடந்து மீத்தேன் விடும், மேலே ஆகாயத்தாமரை படரும்.

ஆகவே ஏரியை மீட்பவர்கள் முதலில் வரத்து வாய்க்காலைத் தூர்வாரி, ஆடியிலேயே நீர் ஏற வழி செய்ய வேண்டும். கரையோரம் சரிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் வடிய வடியத் தரை கொஞ்சம் கொஞ்சமாகக் காயும், நாரை நின்று மேய ஆழமில்லாத நீரும் கிடைக்கும். விராலுக்குக் கோடையில் ஒரு மடு போதும், ஏரி முழுவதையும் ஜேசிபி விட்டுக் குடைய வேண்டாம். நடைபாதைக்கும் கைப்பிடிச் சுவருக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பக்கத்துக் கல்லூரிகளின் மண் ஆய்வகங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். மாதாமாதம் சேற்றை எடுத்துச் சோதித்தால்தான் எந்த ஏரியை எத்தனை வாரம் காயவிடலாம் என்று சொல்ல முடியும்.