தப்பான விடைக்கு நாலரை, சரியான விடைக்கு இரண்டு

ஜனவரியில் ப்ரீ-போர்டு, அதாவது போர்டு தேர்வுக்கு முன்னால் பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வின் கணக்கு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம், தில்லியில் எங்கள் மயூர் விஹார் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். பையன் என் பள்ளியில், என் வகுப்பில், பத்தாவது படிக்கிறான். அம்மாவின் போனில் அவன் நண்பனுடைய விடைத்தாளின் படமும் இருந்தது.

"டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. இவன் 40னு சரியா எழுதியிருக்கான், ரெண்டு மார்க். அந்தப் பையன் 11.15னு என்னமோ எழுதியிருக்கான், அவனுக்கு நாலரை. எங்கேயாவது மாத்திப் போட்டுட்டீங்களோன்னு..."

மாற்றிப் போடவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. பன்னிரண்டு வருடமாக சிபிஎஸ்இ என்கிற மத்தியக் கல்வி வாரியத்தின் போர்டு விடைத்தாள் திருத்தப் போய்க்கொண்டிருக்கிறேன். இதே கேள்வி ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. போர்டு விடைத்தாளில் பார்த்ததை வெளியே பேசக்கூடாது. அதனால் என் பள்ளித் தேர்வில் நடந்த இந்தக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

கணக்கு பழையதுதான், சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு ரயில் 360 கிலோமீட்டரை ஒரே சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 5 கி.மீ. கூடியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். வேகம் என்ன? வேகத்தை x என்று வைத்தால் 360/x-லிருந்து 360/(x+5)-ஐக் கழித்தால் 1. சுருக்கினால் x² + 5x − 1800 = 0. அதிலிருந்து x = 40. ஐந்து மார்க்கை நான் இப்படிப் பிரித்திருந்தேன்: சமன்பாடு அமைக்க 2, சுருக்க 1, தீர்க்க 1½, எதிர்க்குறி மூலத்தைத் தள்ளிவிட்டு அலகோடு விடை எழுத ½.

நண்பன் சமன்பாட்டைச் சரியாகத்தான் அமைத்திருந்தான். சுருக்கும்போது 360ஐ 5ஆல் பெருக்கி 180 என்று எழுதிவிட்டான். ஒரு சைபர் விழுந்துவிட்டது. அப்புறம் பாருங்கள் அவன் பட்ட பாட்டை. இருபடிச் சூத்திரத்தில் சரியாகப் போட்டவனுக்கு வர்க்கமூலக்குறிக்குள் 7225 வரும், அது 85இன் வர்க்கம், நொடியில் வெளியே வந்துவிடலாம். இவனுக்கு வந்தது 745. கால்குலேட்டர் கிடையாது. ஓரத்தில் வகுத்து வகுத்துப் பார்த்து 27.3 என்று கண்டுபிடித்து, 5ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, எதிர்க்குறி மூலத்தை "வேகம் எதிர்க்குறியாக இராது" என்று காரணம் எழுதித் தள்ளி, மணிக்கு 11.15 கி.மீ. என்று முடித்திருந்தான். தப்பு செய்த பிள்ளை, தப்பு செய்யாத பிள்ளையைவிட அதிகமாக உழைத்திருக்கிறான்.

அவனுக்கு எவ்வளவு குறைக்க வேண்டும்? சைபர் விழுந்த அந்த ஒரு இடத்தில் அரை மார்க். அவ்வளவுதான். எந்த ஸ்டெப்புக்கு எத்தனை மார்க் என்று திருத்துகிறவர்களுக்குச் சொல்லும் மார்க்கிங் ஸ்கீமின் முகப்பிலேயே சிபிஎஸ்இ இந்த விதியை அச்சிட்டுத் தருகிறது: ஒரு பிழைக்கு ஒரு முறைதான் மார்க் குறைக்கலாம், அந்தப் பிழையால் அடுத்தடுத்து வரும் மாறுதல்களுக்குக் குறைக்கக்கூடாது. சொல்ல எளிது. செய்ய வேண்டும் என்றால், திருத்துகிறவர் தன் கையில் இருக்கும் 40ஐக் கீழே வைத்துவிட்டு, பையனுடைய 180ஐ எடுத்துக்கொண்டு, அவன் போன வழியில் கூடவே நடந்து வர வேண்டும். 745இன் வர்க்கமூலத்தை நானும் போட்டுப் பார்த்தேன். வேறு வழி? கடைசி வரியைப் பார்த்து "11.15, தப்பு" என்று ஒரு சிவப்புக் கோடு இழுக்க மூன்று விநாடி போதும். நாலரை மார்க்கை நியாயமாகக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகிறது.

ஸ்டாஃப் ரூமில் ஒரு சக ஆசிரியை கேட்டார், "11 கி.மீ. வேகத்தில் ரயிலா? சைக்கிள்காரன் முந்திவிடுவானே, அதைக்கூட யோசிக்காத பிள்ளைக்கு நாலரையா?" நியாயம்தான். ஆனால் விடை நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று சரிபார்க்க நான் மார்க் ஒதுக்கவில்லை. ஒதுக்காததற்கு எப்படிக் குறைப்பது?

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. பிழை செய்ததால் கணக்கே சுலபமாகிவிட்டால் கதை வேறு. x² காணாமல் போய் ஒருபடிச் சமன்பாடாகிவிட்டது என்று வையுங்கள். அப்போது இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்ததற்கான 1½ மார்க்கை நான் கொடுக்க முடியாது, அவன் தீர்க்கவே இல்லையே.

சரி, மூன்றாம் மாடிப் பையனுக்கு வருவோம். அவன் எழுதியது இரண்டே வரி. 360ஐ 40ஆல் வகுத்தால் 9 மணி. 360ஐ 45ஆல் வகுத்தால் 8 மணி. வித்தியாசம் 1. ஆகவே வேகம் 40. சமன்பாடு இல்லை, x இல்லை. மனதுக்குள்ளேயே எண்களைப் போட்டுப் பார்த்துப் பிடித்துவிட்டான். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் 40 பொருந்துகிறது என்று காட்டியிருக்கிறானே தவிர, வேறெதுவும் பொருந்தாது என்று காட்டவில்லை. எப்படி வந்தது என்பதும் தாளில் இல்லை. இரண்டு மார்க் கொடுத்தேன். ஒன்றுதான் தகும் என்றார் ஒருவர், மூன்று கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். எனக்கே அந்த இரண்டில் முழு நிம்மதி இல்லை.

இங்கேதான் மார்க்கிங் ஸ்கீம் என்ற ஒன்று எதற்கு என்பது விளங்கும். 1913இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே ஒரு வடிவியல் விடைத்தாளை நகல் எடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட கணக்கு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒரே தாள், நூறு மார்க்குக்கு. வந்தவை 30க்குக் கீழே தொடங்கி 90க்கு மேலே வரை போயின. கணக்கில்! கட்டுரைப் பாடத்தில் அப்படி நடந்தால் ஆச்சரியப்பட மாட்டோம். சிலர் எழுத்து அழகாக இல்லை என்று குறைத்தார்கள், சிலர் கண்டுகொள்ளவில்லை. கணக்கில் விடை ஒன்றுதான், ஆனால் விடைக்குப் போகிற வழியை மதிப்பிடுவது மனுஷ வேலை என்பதை மறந்துவிடுகிறோம்.

அதனால்தான் திருத்தும் மையத்தில் முதல் நாள் பேனாவை எடுப்பதற்கு முன்னால் பேச்சு நடக்கிறது. ஸ்கீமை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வாதாடுவோம். அலகு எழுதாவிட்டால் என்ன செய்வது, விடையை எழுதிவிட்டு ஆப்ஷன் எழுத்தை மாற்றிப் போட்டால் என்ன செய்வது என்று. முடிவு எதுவாக இருந்தாலும் அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே முடிவு. முதல் நாள் ஒவ்வொருவரும் திருத்திய முதல் ஐந்து தாள்களை ஹெட் எக்ஸாமினர் எடுத்துப் பார்த்து, ஸ்கீமிலிருந்து விலகினால் கூப்பிட்டுச் சொல்வார். ஸ்கீமில் இல்லாத வழியில் போட்டாலும் சரியாக இருந்தால் முழு மார்க். இருபடிச் சமன்பாட்டை முழு வர்க்கமாக்கித் தீர்க்கும் வர்க்கப் பூர்த்தி முறை இப்போது பத்தாவது பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அண்ணனோ அக்காவோ சொல்லிக்கொடுத்து அந்த வழியில் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது குற்றமில்லை.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மணி நேரம், முக்கியப் பாடங்களில் ஒரு நாளைக்கு 20 தாள். ஒரு தாளுக்கு 24 நிமிடம். கணக்குத் தாளில் 38 கேள்விகள். வகுத்துப் பாருங்கள், ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 38 விநாடி. சாப்பாடு, டீ எல்லாம் இதற்குள்ளே. முதல் 20 கேள்விகள் ஒரு மார்க் கேள்விகள், அவற்றில் மிச்சப்படுத்தும் நேரத்தைத்தான் ஐந்து மார்க் கணக்குகளில் செலவழிக்கிறோம்.

தில்லியில் இன்னொன்றும் உண்டு. கேள்வித்தாள் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் அச்சாகிறது, பண்டலில் இரண்டு வகைத் தாள்களும் கலந்து வரும். நான் கும்பகோணம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள். என் இந்தி காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற இந்தி. "மானா கி" (என்க) என்று தொடங்கி "இதி சித்தம்" (நிரூபிக்கப்பட்டது) என்று முடிகிற நிரூபணத்தை முதல் வருடம் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஆனால் "சர்வாங்க்சம்" என்ற சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, நம் சர்வசம முக்கோணம்! "சமரூப்" என்பது வடிவொத்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் நவராத்திரி விரதம், ஜவ்வரிசிக் கிச்சடியை எனக்கும் ஒரு கரண்டி வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவேன். எனக்குப் புரியாதது அந்தப் பிள்ளையின் தவறு இல்லை.

பெற்றோர்கள் பயப்படுவது "கறாரான டீச்சர் கையில் மாட்டிவிடுமோ" என்றுதான். நான் பயப்படுவது கூட்டலுக்கு. ஒரு வருடம் ஒரு தாளில் ஐந்து மார்க் கணக்கொன்று பாதியில் நின்றிருந்தது. எழுதிய வரைக்கும் மார்க் போட்டுவிட்டுப் போய்விட்டேன். மீதிக் கணக்கை அந்தப் பிள்ளை நாலு பக்கம் தள்ளி, ரஃப் வேலைக்கெல்லாம் அப்புறம், எழுதியிருக்கிறது. கூட்டலைச் சரிபார்க்கிறவர் தாளைப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் சிவப்பு மையே படாமல் இருப்பதைப் பார்த்துக் கொண்டுவந்தார். மூன்று மார்க். அவர் அசந்திருந்தால் போனது போனதுதான். அன்றிலிருந்து வெற்றுப் பக்கமாக இருந்தாலும் ஒரு சிவப்புக் கோடு போடாமல் நான் பக்கத்தைத் திருப்புவதில்லை. முகப்பில் மார்க்கை ஏற்றும்போதும் உதடு அசைத்துப் படித்துக்கொண்டேதான் ஏற்றுவேன். கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

இரக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டினால் 25 வருகிறது. 80 மார்க் தாளில் பாஸாக 33 சதவீதம் என்றால் 27 வேண்டுமே, எங்கேயாவது இரண்டு மார்க் கிடைக்காதா என்று கை தானாகப் பக்கங்களைப் புரட்டும். ஆனால் பத்தாவதில் பள்ளியின் உள்மதிப்பீடு 20ஐயும் சேர்த்து 100க்குத்தான் 33 வேண்டும். அந்த 20இல் பிள்ளைக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, பெயரும் தெரியாது, தேர்வு எண்ணை மறைத்து வேறு எண் போட்டுத்தான் தாளே வருகிறது. தெரியாத கோட்டைத் தாண்ட வைக்க நான் யார்? அதேபோல் மறுபக்கமும். "80க்கு 80 எப்படிப் போடுவது, எங்கேயாவது அரை குறைப்போம்" என்ற பழைய பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. தகுதி இருந்தால் முழு மார்க் கொடுக்கத் தயங்கக்கூடாது என்று ஸ்கீமிலேயே எழுதியிருக்கிறது. சென்டம் என்பது நம் வீடுகளில் பெரிய வார்த்தை. வாங்கியவரிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

ரிசல்ட் வந்து மார்க் குறைவாக இருக்கிறது என்று தோன்றினால், திருத்திய தாளைப் பார்க்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விடைத்தாளும் அடங்கும் என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நகல் கைக்கு வந்ததும் உடனே "இந்தக் கணக்குக்கு ஏன் மூணு" என்று தொடங்காதீர்கள். முதலில் எல்லாப் பக்கத்திலும் திருத்திய அடையாளம் இருக்கிறதா, உள்ளே இருக்கும் மார்க் முகப்பில் அப்படியே ஏறியிருக்கிறதா, கூட்டல் சரியா என்று பாருங்கள். அப்புறம் சிபிஎஸ்இ வெளியிடும் மார்க்கிங் ஸ்கீமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டெப்பாக ஒப்பிடுங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் குறைந்தாலும் அதுதான் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று. "அல்லது" போட்ட கேள்வியில் இரண்டையும் போட்டுவிட்டால் பதறிப்போய் ஒன்றை அடிக்காதீர்கள். எது அதிக மார்க் வாங்குகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை "கூடுதல் கேள்வி" என்று எழுதித் தள்ளுவது எங்கள் வேலை. அடித்தது எத்தனை முறை சரியாக இருந்திருக்கிறது தெரியுமா!

இத்தனையையும் அன்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. நண்பனின் 745ஐ மட்டும் காட்டினேன். அவர் சமாதானமாகி, காபி குடித்துவிட்டுப் போனார். பையன் சமாதானமாகவில்லை. மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டான்.

"டீச்சர், வேகம் கூடக்கூட அந்த ரெண்டு நேரத்துக்கும் நடுவுல வித்தியாசம் குறைஞ்சுகிட்டே போகும். அப்போ வித்தியாசம் ஒண்ணுனு ஒரே ஒரு தடவைதான் வர முடியும். 40ஐ விட்டா வேற எண்ணே கிடையாது. சரிதானே?"

சரிதான். முழுக்கச் சரி. அந்த ஒரு வரி தாளில் இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன் என்றேன். "இப்ப எழுதித் தரட்டுமா?" என்றான். முடியாது என்றேன். பள்ளிக்குப் போனதும் என் ஸ்கீமை எடுத்து, அந்தக் கணக்குக்குக் கீழே, மாற்று வழி என்று பென்சிலால் அவன் சொன்னதை எழுதி வைத்தேன்.