பாய்சன் ஐவி: தோட்டத்திலிருந்து உள்ளே வந்ததும் முதல் பத்து நிமிடம்

நியூ ஜெர்சியில் கிராமப்புறம் ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கிறேன். மே கடைசியிலிருந்து கையிலும் காலிலும் கோடு கோடாகக் கொப்புளங்களோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். இந்தப் பக்கம் புதிதாக வீடு வாங்கிய தமிழர்களும் அவர்களில் உண்டு. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு டாக்டர்" என்பார்கள். தோட்ட வேலை செய்தீர்களா என்று கேட்டால், "வேலி ஓரம் கொஞ்சம் கொடி பிடுங்கினேன், ஆனா அன்னைக்கு ஒண்ணும் ஆகலையே" என்று பதில் வரும்.

அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் சிக்கல். பிடுங்கியது பாய்சன் ஐவி என்ற நச்சுக் கொடி. அதன் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உருஷியால் என்ற எண்ணெய் இருக்கிறது. அது தோலில் இறங்கி ஒவ்வாமையைக் கிளப்ப ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். முதல் தடவை என்றால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

அதனால் அரிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். உள்ளே வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டு, துணியால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நகக்கண்ணை விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்குள் கழுவினால் நல்ல பலன் உண்டு. நேரம் போகப் போகக் குறைந்துவிடும். தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும், இல்லையென்றால் அந்த எண்ணெய் கதவுக் கைப்பிடிக்கும் போனுக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும். போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். கத்தரிக்கோல், மண்வெட்டிப் பிடி, ஷூ லேஸ் ஆகியவற்றில் எண்ணெய் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இருக்கும். புதருக்குள் புகுந்து வந்த நாயையும் கையுறை போட்டுக் குளிப்பாட்டுங்கள்.

கொப்புளத்து நீர் பட்டால் பரவும் என்று பயந்து குழந்தையைத் தூக்காமல் இருக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெயைக் கழுவிவிட்டால் அது யாருக்கும் ஒட்டாது. தாராளமாகத் தூக்குங்கள்.

செடியை அடையாளம் காண்பது எளிது. வில்வம் போல ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். இளவேனிலில் சிவப்பு, கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் மறுபடி சிவப்பு. குளிர்காலத்தில் இலை இருக்காது, ஆனால் மரத்தில் ஏறிய தடித்த கொடி முழுக்க மயிர் போன்ற வேர்கள் தெரியும். அந்த மொட்டைக் கொடியிலும் எண்ணெய் உண்டு.

பிடுங்கியதை ஒருபோதும் எரிக்காதீர்கள். புகையோடு எண்ணெயும் போய்க் கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் தாக்கும். புகை பட்டு மூச்சுத் திணறினால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

லேசாக இருந்தால் குளிர்ந்த ஈரத்துணியும், அரிப்பைத் தணிக்கும் கேலமைன் லோஷனும் போதும், இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். முகம், கண், பிறப்புறுப்பில் வந்தாலோ உடம்பில் நிறைய இடத்தில் படர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரை தரவேண்டி வந்தால் இரண்டு மூன்று வாரம் மெல்லக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். ஐந்தாறு நாளில் நிறுத்தியவர்கள் பலர், அரிப்பு திரும்பி வந்து மறுபடி என்னிடம் வருகிறார்கள்.

அப்புறம், நம் வீடுகளுக்கென்று ஒன்று. மாமரமும் முந்திரியும் இதே குடும்பம். மாம்பழத் தோலில் இதே போன்ற பொருள் இருப்பதால், பாய்சன் ஐவி ஒத்துக்கொள்ளாதவர்கள் பழத்தைத் தோலோடு கடித்தால் உதட்டைச் சுற்றித் தடித்து அரிக்கலாம். வேறொருவர் தோல் சீவித் தர, சதையை மட்டும் சாப்பிடுங்கள்.