ஈரநிலம்: சொல் விளக்கம்

‘வெட்லேண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் ‘சதுப்புநிலம்’ என்றே எழுதுகின்றன. சதுப்பு என்பது பள்ளிக்கரணையைப் போலக் கால் புதையும் சேற்று நிலம்; ஆங்கிலச் சொல்லின் பரப்போ அதைவிடப் பெரிது. ஈரானின் ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று இத்தகைய நிலங்களைக் காப்பதற்கென உருவான உடன்படிக்கை, இயற்கையாயினும் செயற்கையாயினும், ஆண்டு முழுவதும் நீர் நிற்பதாயினும் பருவத்தில் மட்டும் நிறைவதாயினும், நன்னீராயினும் உவர்நீராயினும், கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பகுதி உட்பட அனைத்தையும் அச்சொல்லில் அடக்குகிறது. இவ்வளவையும் தாங்கும் பொதுச்சொல்லாக ‘ஈரநிலம்’ என்பதே பொருந்தும். சதுப்பு அதன் ஒரு வகை.

வருவாய்த்துறையின் ஆங்கிலத்தில் இதே சொல் நன்செய்யைக் குறித்துவந்தது. ஆகவே பழைய நில ஆவணங்களை மொழிபெயர்ப்போர் பாசன வயலை ஈரநிலம் என்று எழுதிவிடக் கூடாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல்வயலையும், ஆற்றின் நீரோட்டப் பகுதியையும், பாசனத்துக்கும் உப்பு விளைச்சலுக்கும் என்றே அமைத்தவற்றையும் வரையறையிலிருந்து விலக்கியுள்ளன. ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த தமிழ்நாட்டுக்கு இது சிறிய விலக்கு அன்று என்பதே என் கருத்து.

ஈரநிலத்தின் வகைகளுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமில்லை. சங்கப் பாடல்களின் நெய்தல் திணையில் பயிலும் ‘கழி’ இன்றும் உப்பங்கழி, கழிமுகம் என வழங்குகிறது. தாங்கல் என்பது சிறு ஏரி. வெள்ளம் பரவி நிற்கும் தாழ்நிலத்தைக் கழுவெளி என்பர். மரக்காணம் அருகே அப்பொதுப்பெயரே கழுவேலி என்னும் இடப்பெயராகி, 2024இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறியது.

இப்பெயர்கள் ஏன் வேண்டும் என்பதை எண்ணூரில் காணலாம். கொசஸ்தலையாறு அங்கே கடலைச் சேருமுன் கழியாகவும் சேற்றுத்திட்டாகவும் அலையாத்திக் காடாகவும் உப்பளமாகவும் விரிகிறது. அனல்மின் நிலையச் சாம்பல், குழாய்க் கசிவுகளின் வழியே அக்கழியில் படிந்து அதன் ஆழத்தைக் குறைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி வேர்களிலும் அப்பியது. வரைபடத்தில் நீரோட்டத்தை மட்டும் ‘ஆறு’ என்று குறித்தால், ஓதம் ஏறி இறங்கும் சேற்றுத்திட்டு வெற்றுத் தரையாகவே தோன்றும், அதை மண்ணிட்டு நிரப்புவதும் எளிதாகும். எனவே ஆற்றைக் காக்கும் எந்த ஆவணமும் ஈரநிலம் என்னும் பொதுச்சொல்லோடு, கழி, சேற்றுத்திட்டு, அலையாத்தி, உப்பளம் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எல்லை குறிக்க வேண்டும்.